ராஜேந்திர சோழன்: கல்வெட்டை வைத்துச் சில கேள்விகள்

கே (பெரம்பூர்): பட்டத்துக்கு வந்தது 1012இலா, 1014இலா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே, ஐயா.

ப: தந்தை ராஜராஜன் உயிரோடு இருக்கும்போதே 1012இல் ராஜேந்திரனுக்குப் பட்டம் கட்டினார், தனியாட்சி 1014இல். கல்வெட்டு 'யாண்டு', அதாவது ஆட்சியாண்டு, எண்ணுவது 1012இலிருந்து. யாண்டு எண்ணோடு 1011ஐக் கூட்டுங்கள்: 13ஆவது யாண்டு என்றால் 1024-25. 1014ஐ முதலாண்டாக வைத்தால் கங்கை வெற்றியே 1025இல் நடந்த கடாரப் படையெடுப்புக்கு (கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா) பிந்தியதாகத் தெரியும்.

கே (அம்பத்தூர்): யாண்டு எண் சிதைந்திருந்தால்?

ப: மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னர் வெற்றிகளைப் பாடும் பகுதியைப் படியுங்கள். 'திருமன்னி வளர' என்று தொடங்கும்; வெற்றி சேரச் சேர நீளும். முதலில் இடைதுறைநாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம், அப்புறம் ஈழம். போளூர் பக்கத்துத் திருமலைக் கல்வெட்டு 13ஆவது யாண்டு: கங்கை உண்டு, கடாரம் இல்லை. கடாரப் படையெடுப்பைச் சொல்லும் 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' வந்துவிட்டால் 14 அல்லது அதற்குப் பின். இங்கே பலர் சறுக்குவது ஒன்று உண்டு. 'பூர்வதேசமும் கங்கையும் கடாரமும் கொண்ட' என்று ஒரே வரியில் முடியும் குறுவடிவமும் இருக்கிறது. சின்னதாக இருக்கிறதே என்று அதை முற்காலத்தில் தள்ளிவிடாதீர்கள், அது பிற்காலத்தது.

கே (தாம்பரம்): கங்கைக்கு அவரே போனாரா?

ப: இல்லை. தளபதிதான் போனார் என்றும், மன்னர் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டார் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது.

கே (அடையாறு): கடாரம் சோழ நாட்டின் பகுதியாக இருந்ததா?

ப: மெய்க்கீர்த்தி சொல்வது, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததும், யானைகளையும் பெருநிதியையும் வித்தியாதரத் தோரணம் என்ற வாயிலையும் கவர்ந்ததும்தான். ஆண்டதாகச் சொல்லவில்லை. மாநக்கவாரம் (நிக்கோபார்), இலாமுரிதேசம் (சுமத்ராவின் வடபகுதி) என்று ஊர்ப்பெயர் வந்த இடமெல்லாம் வரைபடத்தில் சோழர் நிறம் பூசுவது எனக்கு ஒப்பவில்லை. ஈழம் வேறு: பொலன்னறுவையில் அவர் தாயார் பெயரால் வானவன்மாதேவி ஈச்சரமே நிற்கிறது. அங்கே நடந்தது ஆட்சி. கடாரத்தில் நடந்தது படையெடுப்பு. இரண்டையும் ஒன்றாக்கினால் அவர் செய்ததன் அளவே புரியாமல் போகும்.

கே (ராயபுரம்): கங்கைகொண்ட சோழபுரம் போக நேரமில்லை. பக்கத்தில் ஏதாவது?

ப: திருவொற்றியூர் போங்கள். ஆதிபுரீசுவரர் கருவறை அவர் காலத்தில் கருங்கல்லில் எழுந்தது. கட்டியவர் பெயரும் கல்வெட்டில் உண்டு: ரவி என்கிற வீரசோழத் தச்சன். மன்னர் பெயரோடு தச்சர் பெயரும் கிடைப்பது அபூர்வம். சந்நிதியில் கும்பிட்டதும் திரும்பிவிடாமல் பிராகாரத்தில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். விமானத்தின் முதுகு யானையின் பின்புறம்போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது இதுதான்.