கிரேக்க வீரன் அக்கிலீஸுக்கு லண்டனில் ஏன் வெண்கலச் சிலை?

அந்தச் சிலை நவசெவ்வியல் பாணியைச் சேர்ந்தது. நவசெவ்வியல் என்பது, 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஐரோப்பியக் கலைஞர்கள் பழைய கிரேக்க, ரோமானிய வடிவங்களைப் பின்பற்றிப் படைத்த பாணி. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயியின் அகழாய்வு அந்த ஆர்வத்தை வளர்த்தது.

புராணம் எதற்கு? வள்ளலைக் 'கர்ணன்' என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை அல்லவா? படித்த ஐரோப்பியருக்கு அக்கிலீஸும் அப்படித்தான்: பெயரைச் சொன்னாலே மாவீரம்.

நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவைப் போற்ற, ரிச்சர்ட் வெஸ்ட்மகாட் வடித்த அக்கிலீஸ் 1822இல் லண்டன் ஹைட் பூங்காவில் நிறுவப்பட்டது. உயரம் ஏறத்தாழ 18 அடி. பணம் தந்தவர்கள் பிரிட்டனின் பெண்கள். இதில் வெண்கலமே ஒரு குறியீடு: வாட்டர்லூ உள்ளிட்ட போர்களில் பிரெஞ்சுப் படையிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்தார்கள். புராணத்தைவிட இந்த உலோகம்தான் உரக்கப் பேசுகிறது என்பேன். ஆடையற்ற உடல் நாயகனின் அடையாளம். ஆனாலும் லண்டன் கூச்சப்பட்டது, ஓர் அத்தியிலை மறைப்பாக வந்தது!

இது பழைய அக்கிலீஸ் சிலை ஒன்றின் நகல் என்று நினைக்கத் தோன்றலாம். அப்படியல்ல, உடலமைப்புக்கு மாதிரி, ரோமின் குயிரினல் குன்றில் குதிரைகளை அடக்கி நிற்கும் சிலைகளில் ஒன்று.