பழைய ஐ5 கணினிக்கு ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ஆர்க் பி580: எந்த கிராபிக்ஸ் கார்டு கட்டுப்படியாகும்?

ஐ5 10400எஃப் ப்ராசஸர், 1080பி மானிட்டர், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரன்ட் தரும் பெட்டி), வீடு சென்னை தண்டையார்பேட்டை, கேம் விளையாட மட்டும்; என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்டெலின் ஆர்க் பி580 மூன்றில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்கு, அதுவும் 16 ஜிபி மெமரி உள்ள மாடலுக்கு. அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

அறிமுக விலையைப் பார்த்தால் பி580 249 டாலர், 5060 299 டாலர், 9060 எக்ஸ்டி 16 ஜிபி 349 டாலர். இங்கே 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து கடைக்குக் கடை மாறும். யூடியூபில் விலையை எஃப்பிஎஸ்ஸால் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற எண்) வகுத்து, ஒரு ஃப்ரேமுக்கு இத்தனை ரூபாய் என்று காட்டுவார்கள். அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் அவர்கள் டெஸ்ட் செய்வது புத்தம்புது ப்ராசஸரிலும் மதர்போர்டிலும். உங்கள் போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0, பழைய தலைமுறை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

5060 கார்டு ஸ்லாட்டில் 8 லேனைத்தான், அதாவது டேட்டா போய்வரும் 8 பாதைகளைத்தான், பயன்படுத்தும். புது போர்டில் அது போதும். 3.0 போர்டில் அதே 8 லேனுக்கு நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் வழி. கேம் அந்தக் கார்டின் 8 ஜிபி மெமரிக்குள் அடங்கும்வரை பெரிதாகத் தெரியாது. டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) அல்ட்ராவில் வைத்து மெமரி நிரம்பிவிட்டால், மிச்சம் கணினியின் ரேமுக்குப் போய் அந்தக் குறுகிய வழியாகத்தான் திரும்ப வரவேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற கதைதான். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே காட்டும், ஆனால் சட்டென்று திரும்பும்போது படம் அரை நொடி வெட்டும். 9060 எக்ஸ்டிக்கு 16 லேன், 16 ஜிபி மெமரி. நிரம்புவதே அபூர்வம், நிரம்பினாலும் வழி இரட்டிப்பு.

பி580 பேப்பரில் அழகு: 12 ஜிபி, விலையும் குறைவு. ஆனால் அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ப்ராசஸரிடம் நிறைய வேலை வாங்கும். பழைய ப்ராசஸரோடு போட்டால் வேகம் சரிகிறது என்பது 2025 ஜனவரியிலேயே சோதனைகளில் வெளிவந்துவிட்டது. ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) வேறு ஆன் செய்தாகவேண்டும், உங்கள் போர்டில் அதற்கு பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். இன்டெல் மேல் எனக்குக் கோபமில்லை, உங்கள் கணினிக்கு இது ஜோடி இல்லை, அவ்வளவுதான்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், வீடியோ எடிட்டிங் என்று இறங்கும் எண்ணமிருந்தால் மட்டும் என்விடியா பக்கம் போங்கள். சிறிய படத்தைப் பெரிதாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4-ஐவிட அதிக கேம்களில் இருக்கிறது, அதை மறுக்க முடியாது.

கரன்ட் பற்றிப் பயப்படாதீர்கள். 5060 145 வாட், 9060 எக்ஸ்டி 160, பி580 190. தினம் நாலு மணி நேரம் ஆடினாலும் முதலுக்கும் கடைசிக்கும் இரண்டு மாத பில்லில் சுமார் 11 யூனிட்தான் வித்தியாசம். உங்கள் வீட்டு பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறது என்றால் மட்டும் கவனம், அதைத் தாண்டினால் ரேட்டே மாறும். 9060 எக்ஸ்டிக்கு ஏஎம்டி சொல்வது 450 வாட். உங்களுடையது நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் என்றால் சரி, கேபினெட்டோடு இலவசமாக வந்தது என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

வாங்க, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருதான் போவீர்கள், மெட்ரோவில் ஏறினால் அதன் அருகிலிருக்கும் அரசினர் தோட்டம் நிலையம்வரை மாறவே வேண்டாம். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் காட்டினால் கார்டைக் கையில் வாங்கி, ஸ்லாட்டில் செருகும் தங்கப் பற்களையும் பின்பக்கத் தகட்டின் திருகுகளையும் பாருங்கள். நம் பக்கம் கடற்காற்றில் கிடந்த கார்டு என்றால் திருகின் தலையில் துரு பூத்திருக்கும், செம்புக் குழாயில் பச்சை படிந்திருக்கும். திருகின் பள்ளம் மழுங்கியிருந்தால் யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். புதிதாக வாங்கினால் பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள், வாரன்டிக்குக் கேட்பார்கள்.