கார்த்திகை முழுதாகத் தெரிய எந்த ஐபீஸ்?

கேள்வி: என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. குவியத் தூரம் 1200 மி.மீ. கூடவே வந்த 25 மி.மீ. ப்ளாஸ்ல் வகை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கார்த்திகைக் கூட்டம் முழுதாக அடங்கவில்லை. 40 மி.மீ. ஐபீஸ் வாங்கலாமா? கேனான் ஏபிஎஸ்-சி கேமராவைப் பொருத்தினால் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி முழுதாக விழுமா?

பதில்: 40 மி.மீ. வேண்டாம், காசு வீண். ஏன் என்று பார்ப்போம்.

உங்கள் 25 மி.மீ. ஐபீஸ் தரும் உருப்பெருக்கம் 1200 ÷ 25 = 48 மடங்கு. ப்ளாஸ்லின் தோற்றப் புலம், அதாவது ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் கோண அகலம், சுமார் 52 டிகிரி. அதை 48ஆல் வகுத்தால் வானத்தில் 1.1 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். முழு நிலவைப் போல இரண்டு மடங்கு அகலம் அது. கார்த்திகையின் பளிச்சென்ற நட்சத்திரங்களே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 1 டிகிரி பரவியிருக்கின்றன. மங்கலானவற்றையும் சேர்த்தால் 2 டிகிரியை நெருங்கும். அதனால்தான் விளிம்பில் இடிக்கிறது.

இப்போது ஐபீஸைத் திருப்பி, அதன் குழாய்க்குள் பாருங்கள். ஒரு வட்ட வளையம் தெரியும். புலத்தின் எல்லையை வகுப்பது அதுதான். கணக்கு இதுதான்: வளையத்தின் உள் அகலம் ÷ தொலைநோக்கியின் குவியத் தூரம் × 57.3. விடை டிகிரியில் வரும். 1.25 அங்குலக் குழாயில் இந்த அகலம் ஏறத்தாழ 27 மி.மீ.க்கு மேல் போகாது. 32 மி.மீ. ப்ளாஸ்லே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது, கிடைப்பது 1.3 டிகிரி. 40 மி.மீ. வாங்கினாலும் அதே 1.3தான், படம் மட்டும் சிறிதாகத் தெரியும். உங்கள் ஃபோகஸர் (தொலைநோக்கியில் ஐபீஸைச் செருகும் பகுதி) 2 அங்குல ஐபீஸை ஏற்குமானால், 70 டிகிரி தோற்றப் புலமுள்ள 30 மி.மீ. ஐபீஸ் வாங்குங்கள். 1.75 டிகிரி வரும், கார்த்திகை இருண்ட வானப் பின்னணியோடு அழகாக அமரும்.

வளையம் கண்ணுக்குத் தெரியாத ஐபீஸ்களும் உண்டு. அப்போது ஓரியன் பெல்ட்டில் முதலில் உதிக்கும் மின்டகாவைப் பிடியுங்கள். அது வான நடுவரையை (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) ஒட்டியே இருக்கிறது. தொலைநோக்கியைத் தொடாமல், அது புலத்தின் நடுவழியாக ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போகும் நேரத்தைக் குறியுங்கள். 4 நிமிடத்துக்கு 1 டிகிரி.

சரி, கேமரா. இங்கே ஐபீஸே கிடையாது. வளையத்தின் இடத்தில் சென்சார். கேனான் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 22.3 × 14.9 மி.மீ. அதே கணக்கைப் போட்டால் 1.06 × 0.71 டிகிரி. நிலவு தாராளமாக அடங்கும். ஆண்ட்ரோமெடாவோ 3 டிகிரி நீளம். அதன் நடுப்பகுதி மட்டுமே விழும். உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் 2x பார்லோ லென்ஸ் போட்டால் புலம் இன்னும் பாதியாகிவிடும். தவிர, சாதாரண டாப்சோனியன் வானத்தின் சுழற்சியைப் பின்தொடராது, நீண்ட எக்ஸ்போஷருக்கு ஆகாது. பல டாப்சோனியன்களில் டிஎஸ்எல்ஆர் ஃபோகஸுக்கே வராது என்பதையும் வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ரோமெடாவுக்கு உங்கள் கேமராவில் 250 மி.மீ. லென்ஸே போதும்: 5.1 × 3.4 டிகிரி. அதைச் சுமந்து வானத்தின் சுழற்சியோடு திருப்பும் சிறிய டிராக்கர் ஒன்றுக்குப் பணத்தை ஒதுக்குங்கள்.