புகைபோக்கிக்கு ஆண்டுதோறும் ஒரு கடன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஸ்காட்ஸ்வில் பகுதியில், 1920களில் கட்டப்பட்ட செங்கல் வீடொன்றில் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எனக்கு வயது 57. மொத்தச் சம்பளம் மாதம் 34,000 ராண்ட். புகைபோக்கி வழியாக மழைநீர் இறங்கி முன்னறைச் சுவர் ஊறிப்போவதால், நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு செப்டம்பரிலும் 15,000 ராண்ட் தனிநபர் கடன் வாங்கி, என் மனைவியின் தம்பியைக் கொண்டு அதற்குச் சிமெண்ட் பூசி வருகிறேன். மாதத் தவணை 1,690 ராண்ட். இவ்வாண்டுக் கடனில் இன்னும் எட்டுத் தவணை பாக்கி. இந்தக் கோடை மழையில் ஒழுக்கு முன்னைவிட மோசமாகி, ஒரு செங்கல் வராந்தாவில் வந்து விழுந்தது. புகைபோக்கியும் சற்றே சாய்ந்தாற்போல் தெரிகிறது. முழுவதற்கும் பத்தாண்டு உத்தரவாதமுள்ள சிலிக்கோன் பூச்சு அடிக்க 38,000 ராண்ட் ஆகும் என்கிறார் மைத்துனர். கடன் கொடுத்த நிறுவனத்தின் முகவர், பழைய பாக்கியையும் அடைத்து இதற்கும் சேர்த்து 50,000 ராண்ட் தருவதாகவும், மாதத் தவணை ஏறக்குறைய மாறாது என்றும் சொல்கிறார். ஓய்வூதிய நிதியில், ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதியில் இருக்கும் 40,000 ராண்டை எடுத்துவிடலாமா என்றும் எண்ணுகிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு முதிய கொத்தனார் 46,000 ராண்ட் கேட்டார். அது கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டேன். புகைபோக்கியையே இடித்துவிடலாம் என்கிறாள் மனைவி. வீட்டுக்கடனில் திரும்ப எடுக்கக்கூடிய தொகை 50,000 ராண்ட் உண்டு. டிசம்பர் போனஸில் மிச்சம் 12,000 ராண்ட் கையில் இருக்கிறது. எது சரி, ஐயா?

பதில்: எந்தப் பணத்தை எடுப்பது என்று கேட்கிறீர்கள். அதற்கு விடை சொல்வது எளிது, கடைசியில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தோடு வந்த புகைப்படத்தைப் பார்த்தபின், வேறொன்றை முதலில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் படத்தில், கற்களுக்கு இடையிலுள்ள சாம்பல்நிறச் சிமெண்ட் வரிகள் அப்படியே விறைத்து நிற்க, அவற்றுக்கு நடுவே செங்கற்களின் முகம் பொரிந்து, விரல் நுழையும் அளவுக்கு உள்வாங்கியிருக்கிறது. பார்ப்பதற்குத் தேன்கூட்டைப்போல் இருக்கிறது. மழை மட்டும் இதைச் செய்யவில்லை. நீங்கள் கடன் வாங்கிப் பூசிய சிமெண்டே இதைச் செய்தது.

உங்கள் வீடு கட்டப்பட்ட காலத்தில், பழைய செங்கல் வீடுகளில் வழக்கமாக இருந்தது சுண்ணாம்புச் சாந்து. அது கல்லைவிட மென்மையானது. ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். தேய்ந்தால் சாந்துதான் தேயும், கல் தப்பிவிடும். அதன்மேல் கெட்டியான சிமெண்டைப் பூசினால், மயிரிழை வெடிப்புகளின் வழியே உள்ளே போன நீருக்குத் திரும்பி வரச் செங்கல்லின் முகத்தைத் தவிர வேறு வழியில்லை. அது உப்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியானபின் உப்பு கல்லுக்குள் தங்கிப் படிகமாகி, முகத்தைப் பொரித்துத் தள்ளுகிறது. போதாததற்கு, நம் மாகாணத்தின் வடக்கே டண்டியிலும் நியூகாசிலிலும் வெட்டிய நிலக்கரியைப் பல பத்தாண்டுகள் எரித்த புகைபோக்கிகளின் உட்புறத்தில் கந்தகக் கரி படிந்திருக்கும். ஈரம் சேரும்போது அதிலுள்ள சல்பேட் சிமெண்டோடு வினைபுரிந்து அதை உப்ப வைக்கும். மழை அடிக்கும் பக்கம் அதிகம் உப்பும், மறுபக்கம் அவ்வளவு உப்பாது. அதனால்தான் இப்படிப்பட்ட புகைபோக்கிகள் சாய்கின்றன. உங்களுடையது சாய்ந்தாற்போல் தெரிகிறது என்று நீங்கள் எழுதியதை நான் கண்மயக்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. தகுதியுள்ள ஒருவர் வந்து பார்க்கும்வரை அந்த வராந்தாவில் யாரும் உட்கார வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மாதம் 1,690 ராண்ட் வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 20,300 ராண்ட். அதாவது 15,000 ராண்ட் வேலைக்கு ஒவ்வோர் ஆண்டும் 5,300 ராண்ட் அதிகம் கொடுக்கிறீர்கள். பிணையில்லாக் கடனுக்கு, ரெப்போ விகிதத்துக்கு (மைய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டிக்கு) மேல் 21 சதவீதம் வரை வட்டி வாங்கச் சட்டம் இடம் தருகிறது. அதோடு 1,050 ராண்ட் வரை தொடக்கக் கட்டணம், மாதம் 60 ராண்ட் வரை சேவைக் கட்டணம், இரண்டுக்கும் மதிப்புக்கூட்டு வரி, அதன்மேல் கடன் ஆயுள் காப்பீடு. ஒரே ஆண்டுக்குள் முடியும் சிறு கடனில் இந்தக் கட்டணங்கள் வட்டிக்குச் சற்றேறக்குறைய இணையாக நிற்கின்றன, அதையும் நீங்கள் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுகிறீர்கள். இவ்வாண்டின் பாக்கித் தவணைகளையும் சேர்த்து நான்கு ஆண்டுக்குக் கூட்டினால் 81,000 ராண்ட். எது கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டீர்களோ அந்த 46,000 ராண்ட் வேலையை முதல் ஆண்டே செய்திருந்தால், உங்களுக்கு 35,000 ராண்ட் மிஞ்சியிருக்கும், கற்களின் முகமும் இருந்திருக்கும்.

இதைச் சுட்டிக் காட்டுவது உங்களைப் புண்படுத்த அன்று. செப்டம்பர் வந்தால் மைத்துனர் வந்து நிற்பார், "அத்தான் கொடுக்காமல் வேறு யார் வேலை கொடுப்பார்" என்று வீட்டில் பேச்சு எழும், நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள் என்பதை நீங்கள் எழுதாமலே என்னால் ஊகிக்க முடிகிறது. இத்தகைய கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அவருக்கு வருமானம் இல்லாதது ஒரு பிரச்சினை, புகைபோக்கி ஒழுகுவது வேறொரு பிரச்சினை. இரண்டையும் ஒரே கடனால் தீர்க்க முயன்றதில் இரண்டுமே தீரவில்லை. மைத்துனருக்கு உதவ வேண்டும் என்றால், உங்களால் இயன்ற தொகையை உதவி என்று சொல்லியே கொடுங்கள். அதைவிட நல்லது, முதிய கொத்தனாரிடம் பேசி, சாரம் கட்டவும், சாந்து குழைக்கவும், பழைய கற்களைச் சுத்தம் செய்யவும் மைத்துனரைக் கூலிக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். இரண்டு வாரம் பக்கத்தில் நின்று கற்றால் அது அவருக்கு நாலு வீட்டில் வேலை தரும். ஆனால் புகைபோக்கியின் மேல் என்ன பூசுவது என்பதை அவர் முடிவு செய்யக் கூடாது. இந்தக் கணக்கை உங்கள் மனைவியின் முன்னால் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவரும் சேர்ந்து சொன்னால்தான் இது நிற்கும்.

சிலிக்கோன் பூச்சைப் பற்றி எனக்குப் பொறுமை குறைவு. உள்ளே ஈரம் நிறைந்து நிற்கும் சுவரை வெளியே அடைப்பது, நான்கு ஆண்டுகளாகச் சிமெண்ட் செய்த கெடுதலை இன்னும் முழுமையாகச் செய்து முடிப்பதாகும். பத்தாண்டு உத்தரவாதத் தாளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இத்தகைய தாள்களில் பெரும்பாலும் பூச்சு உரியாது என்பதற்குத்தான் உறுதி இருக்கும், அடியிலுள்ள கல் பொரிவதற்கு இராது. அதற்காக வாங்கும் 50,000 ராண்ட் கடனைப் பாருங்கள்: ஐந்து ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்று வைத்தால், கட்டணமும் காப்பீடும் சேர்த்து மாதம் 1,700 ராண்ட் அளவில் வரும். தவணை மாறாது என்று முகவர் சொன்னது உண்மைதான். மாறுவது மாதங்களின் எண்ணிக்கை. அறுபது மாதத்துக்கு 1,02,000 ராண்ட் கட்டுவீர்கள். அதன் கடைசித் தவணையின்போது உங்களுக்கு வயது 62 ஆகியிருக்கும்.

ஓய்வூதியச் சேமிப்புப் பகுதியைத் தொட வேண்டாம். 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம் என்ற வசதி வந்தபின், அதைக் கையிலுள்ள பணமாகவே பலர் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் எடுக்கும் 40,000 ராண்ட் அந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்த்து வரி விதிக்கப்படும். உங்கள் சம்பளத்துக்கு 31 சதவீதம் என்று கொண்டால் 12,400 ராண்ட் வரியாகப் போய், நிர்வாகக் கட்டணமும் கழிந்து, கைக்கு 27,500 ராண்ட் அளவில்தான் வரும். வரித்துறைக்குப் பழைய பாக்கி ஏதேனும் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்வார்கள். அதே பணம் ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்வதாக வைத்தால், உங்கள் 65ஆம் வயதில் 80,000 ராண்டை நெருங்கியிருக்கும்.

இடிப்பது பற்றி ஒரு சொல். அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ, நம் மாகாணமான க்வாசூலு-நேட்டாலில், மரபுச் சின்னங்களைக் காக்கும் அமாஃபா அமைப்பின் எழுத்துமூல அனுமதி வேண்டும். புகைபோக்கி அதற்கு விலக்கன்று. உள்ளது உள்ளபடி பழுதுபார்ப்பதற்கும் அவர்களிடம் முன்பே ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டாம். படிப்படியாக நேர்ந்த சிதைவையும் பராமரிப்புக் குறைவையும் வீட்டுக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை.

இனிச் செய்ய வேண்டியது. போனஸில் மிஞ்சிய 12,000 ராண்டைக் கொண்டு, நடப்பிலுள்ள கடனை இந்த மாதமே முழுவதும் அடைத்துவிடுங்கள். முன்கூட்டி அடைக்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. அடைக்க வேண்டிய தொகையை எழுத்தில் கேளுங்கள். என் கணக்குப்படி 11,300 ராண்ட் அளவில் இருக்கும். எட்டுத் தவணையாகக் கட்டினால் 13,500 ஆகும். அவசரத்துக்கு வைத்த பணம் கரைகிறதே என்று நீங்கள் தயங்கலாம். 27 சதவீதத்துக்குக் கடன் இருக்கும்போது, அதற்கு மூன்றில் ஒரு பங்கு வட்டிகூடத் தராத கணக்கில் பணத்தை வைத்திருப்பதுதான் இழப்பு. அடைத்தபின் விடுபடும் 1,690 ராண்டைப் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் வீட்டுக்கடன் கணக்கிலேயே கூடுதலாகப் போடுங்கள். 5,000 ராண்ட் சேரும்.

வேலை தொடங்கும்போது அதே கணக்கிலிருந்து 46,000 ராண்டை எடுங்கள். நீங்கள் போட்ட ஐந்தாயிரம் போக, நிகரக் கடன் 41,000 ராண்ட். வீட்டுக்கடன் வட்டி 10.5 சதவீதம் என்று வைத்து, அதே 1,690 ராண்டைத் தொடர்ந்து கட்டினால் இருபத்தெட்டு மாதத்தில் முடிந்துவிடும். வட்டி மொத்தமே 5,300 ராண்ட் அளவுதான், அதாவது இதுவரை ஒரே ஆண்டில் நீங்கள் வீணாக்கியது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கூடுதல் தவணை உங்கள் விருப்பம் என்பதால் வங்கி அதை வற்புறுத்தாது. சம்பள நாளன்றே தானாகப் போகும்படி வங்கியில் நிலையுத்தரவு கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த 41,000 ராண்டும் வீட்டுக்கடனின் மிச்சக் காலம் முழுதும் ஒட்டிக்கொண்டே வரும். அந்தக் கணக்கில் எடுக்காமல் மிஞ்சிய தொகையில் மைத்துனருக்கோ வேறு உறவினருக்கோ கைமாற்று கொடுக்காதீர்கள். போனஸ் பணம் தீர்ந்துவிட்டதால், இனி அவசரத்துக்கு உங்களிடம் உள்ளது அதுதான்.

கொத்தனாரிடம் இப்போதே பேசி நாள் குறியுங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் புனித வெள்ளித் தீமிதி முடிந்து, ஏப்ரல் பிற்பாதியில் மழை ஓயும்போது தொடங்கினால், சுண்ணாம்பு மெல்ல இறுகுவதற்கு ஜூன் பனிக்குமுன் போதிய வாரங்கள் கிடைக்கும். அதுவரை புகைபோக்கியின் உச்சியை உறுதியான தார்ப்பாயால் மூடிக் கட்டச் சொல்லுங்கள். சாய்வு இருப்பதால் நீங்களோ மைத்துனரோ ஏணி போட்டு ஏற வேண்டாம். விலைத்தாளில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கூரைக்கு மேலுள்ள பகுதியைக் கல் கல்லாகப் பிரித்து, பொரியாத கற்களைக் கொண்டு மறுபடி கட்டுவது, அதற்குக் கீழே, சிமெண்டைக் கிரைண்டர் வைத்து அறுக்காமல் உளியால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் அந்த இடைவெளிகளை நிரப்பிப் பாயிண்டிங் செய்வது, கூரைத் தகரமும் செங்கல்லும் சேருமிடத்தில் புதிய ஈயத் தகடு, உச்சியில் நீர் வழிந்து விழும்படி விளிம்பு நீட்டிய மேல்மூடி. கணப்படுப்பைப் பயன்படுத்தாதவராக இருந்தால், மேலே காற்றோட்டமுள்ள தொப்பியும் கீழே முன்னறைப் பக்கம் ஒரு காற்றுத் துளையும் வேண்டும். இரண்டு முனையையும் அடைத்துவிட்டால் உள்ளேயே வியர்த்து, சுவர் மறுபடியும் ஊறும். சாரத்துக்கான தொகை தனியாகக் காட்டப்பட்டிருக்கட்டும். முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள்; கடைசி 5,000 ராண்டை அக்டோபரின் முதல் பெருமழைக்குப் பிறகே தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ள மறுத்தால் பாதியையாவது நிறுத்தி வையுங்கள்.

முகவருக்கு இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.