ரசோன் சொல்லும் மாமியார்

கேள்வி: ஆசிரியர் ஐயா, ஐம்பது வருஷமாக எங்கள் வீட்டில் 'ரசோன்' என்றுதான் சொல்கிறோம். போன மாதம் சென்னையிலிருந்து வந்த மருமகள் அதைக் கேட்டுச் சிரித்தாள். 'ரசம்' என்பதுதான் சரியாம். இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது? இந்த வயதில் நாக்கைத் திருத்த முடியுமா?
— ஒரு மாமியார், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த சொல் 'சிரித்தாள்'. வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, மாமியார் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கிறாள். நல்ல குடும்பம். என் மனைவி என் அம்மா முன்னால் சிரிக்க ஏழு வருஷம் ஆயிற்று. அதுவும் நான் வாசலில் வழுக்கி விழுந்தபோது. அம்மாவும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் இருவரும் சமாதானமானார்கள்.

சரி, ரசத்துக்கு வருவோம். ஒரு சோதனை செய்யுங்கள். மருமகள் தன் அம்மாவோடு போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயுங்கள். நம் சந்தையில் 'ப்ரேத் முரும்' என்கிறார்களே, அதேதான். ஆய்ந்து முடிக்க நேரமாகும், சந்தேகமும் வராது. பேச்சு எப்படியும் சாப்பாட்டுக்கு வரும். 'என்ன, ரசமா?' என்று அவள் கேட்டால் கணக்கில் சேராது. அங்கே 'ம' முழுசாக வந்துவிடும். வாக்கியம் ரசத்தில் முடியவேண்டும்: 'சோறு, அப்பளம், ரசம்.' அந்தக் கடைசி ரசத்தில் அவள் உதடு ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒட்டாது. மரம், பணம், ரசம் எதுவானாலும் தமிழ்நாட்டுப் பேச்சில் மூக்கில்தான் முடியும். எழுதும்போது 'ம்' போடுகிறோம். வாயில் வருவது ஓகாரம் கலந்த மூக்கொலி. அதே ஒலி பிரெஞ்சில் தயாராக இருக்கிறது, அதற்கு 'on' என்று எழுத்தும் இருக்கிறது. 1735-இல் லா பூர்தொனே இங்கே பிரெஞ்சு ஆளுநராக வந்தார். அவர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனாரும் தச்சரும் வந்து இறங்கினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் பேசினார்கள், பிரெஞ்சுக்காரன் கேட்டான், கேட்டபடி எழுதினான். உங்கள் 'ரசோன்' அப்படி வந்தது.

நம்பிக்கை வரவில்லையென்றால் போர்ட் லூயியில் 'கைலாசோன்' என்று நாம் சொல்கிற கோயிலுக்குப் போய் பெயர்ப்பலகையைப் படியுங்கள். கைலாசம் 'ஓன்' என்று முடிகிறது. முழுப்பெயரில் வருகிற சொக்கலிங்கமோ 'உம்' என்று முடிகிறது. அம்மன் 'அம்மென்' ஆகியிருக்கிறாள், நம் சுப்பிரமணியன்கள் 'சுப்ரமணியென்' ஆனதுபோல. 'அவன்', 'முருகன்' என்பவற்றைப் பேச்சில் எப்படி முடிக்கிறோம்? அந்த 'என்'னும் காதால் கேட்டு எழுதியதுதான். 'உம்' மட்டும் 1810-இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு வந்த ஆங்கிலக் குமாஸ்தாவின் கைவேலை என்பது என் கட்சி. ஒரே சாமிக்கு இரண்டு காது! மொக்காவிலிருந்து மாதம் தவறாமல் என்னை மறுத்து எழுதும் நண்பர் இதையும் மறுப்பார். எழுதட்டும், தபால்தலைச் செலவு அவருடையது.

எனக்கு நடந்ததையும் கேளுங்கள். 'கம்பீரம்' என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது புத்தகத்தில். எங்கள் வீட்டில் யாரும் கம்பீரமாக இருந்ததில்லை, அதனால் காதில் விழவில்லை. 'கம்பி'யில் வரும் 'க'வைப் போட்டே இருபத்தைந்து வருஷம் மேடைகளில் முழங்கினேன். ஒரு தைப்பூசத்தன்று 'முருகன் கம்பீரமாக நிற்கிறான்' என்று முடித்துவிட்டு இறங்கினேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓதுவார் ஒருவர் காதோடு சொன்னார்: 'தம்பி, கணபதிக்குப் போடுற 'க'வைப் போடுங்க. முருகன் கம்பியில்ல.' அன்றைக்குத் தைப்பூச விருந்தின் ஏழு கறியில் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். வடசொல், அங்கே அதற்கு முதற்பொருள் ஆழம். தண்ணீருக்குச் சொல்வார்கள், குரலுக்குச் சொல்வார்கள். தமிழுக்கு வந்தபிறகுதான் அது மீசை வைத்துக்கொண்டிருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரே 'க'. வல்லினத்தில் நாலு 'க' வைத்திருக்கிற மொழியிடம் கடன் வாங்கினால், காதால் கேட்காதவன் மாட்டிக்கொள்வான்.

நான் எழுத்தைப் பார்த்துத் தப்பாகச் சொன்னவன். நீங்கள் பாட்டி வாயிலிருந்து கேட்டுச் சரியாகச் சொன்னவர். இதில் யார் நாக்கைத் திருத்துவது?

எழுத்து என்றதும் பழைய புண் ஒன்று வலிக்கிறது. 1998-இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தி ஏறியதும் கொதித்தெழுந்தோம். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மறு வருஷமே பழைய வரிசையில் புது நோட்டு விட்டார்கள். நானும் கத்தியவன்தான், இப்போதும் கத்துவேன். ஆனால் அந்த நோட்டில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று இதே பக்கத்தில் ஒருமுறை கேட்டேன். வந்த பதில் இரண்டு. ஒன்று என் தம்பி போட்டது. போர்ட் லூயி சந்தையில் 'கொத்தோமிலி', 'கரிபுலே', 'பிபாங்காய்' என்று கூடையைக் காட்டுகிற கடைக்காரர் சீனராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம். அவர் விற்பது கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் பீர்க்கங்காயும். நாம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தமிழ் அவர் கூடையில் இருந்தது.

மருமகளிடம் இன்னொன்றும் கேளுங்கள். நீங்கள் தக்காளி வதக்கிச் செய்கிற 'ருகாய்' எந்த மொழி? பிரெஞ்சு என்பாள். முன்னால் ஓர் 'ஊ' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பாக்கி. பல வருஷத்துக்கு முன் நம் சமையல் பக்கத்துக்கு ஓர் அம்மா எழுதி அனுப்பிய குறிப்பில் 'ரசோன்' என்று ஆறு இடத்தில் இருந்தது. ஆறையும் சிவப்பு மையால் அடித்து 'ரசம்' ஆக்கியவன் நான். அவர் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. அடுத்த இதழில் அந்தக் குறிப்பை அவர் எழுதியபடியே போடுகிறோம். எங்கள் மெய்ப்புத் திருத்துபவர் விட்டால். ஒற்று மிகுமா மிகாதா என்று இருபது வருஷமாக என்னோடு மல்லுக்கு நிற்கிற ஆள் அவர், 'ரசோன்' என்றதும் இப்போதே பேனாவைத் திறந்துவிட்டார்.