டூர் போற இடத்துல ஷூட்டிங் ரேஞ்ச் ட்ரை பண்ணலாமா? முதல் தடவை துப்பாக்கி சுடுறது எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் துப்பாக்கியத் தொட்டதே இல்லையாம், டூர் போற ஊர்ல இன்ஸ்ட்ரக்டர் கூட நின்னு சொல்லிக் குடுக்குற ரேஞ்ச் ஒண்ணு இருக்காம், போலாமா, எந்த பேக்கேஜ் எடுக்கலாம், துப்பாக்கின்னாலே பயப்படுற மனைவியையும் கூட்டிட்டுப் போலாமான்னு கேட்டிருக்கார்.

தாராளமா போங்க. ஆனா அஞ்சாறு துப்பாக்கி இருக்குற பெரிய பேக்கேஜ் மட்டும் எடுக்காதீங்க. ஒரு பாயிண்ட் டூ டூ (.22-ன்னு போர்டுல இருக்கும், ரொம்பச் சின்னக் குண்டு), ஒரு நைன் எம்எம் பிஸ்டல் (வழக்கமான கைத்துப்பாக்கி), ரெண்டும் போதும், மிச்ச காச இன்ஸ்ட்ரக்டர் உங்க கூட நிக்குற நேரத்துக்குக் குடுங்க. நானும் சுட்டிருக்கேன், முதல் தடவை வர்றவங்க கூட போய்ப் பக்கத்துல நின்னும் பாத்திருக்கேன், சந்தோஷமா வெளிய வர்றவங்க எல்லாரும் கம்மியா சுட்டு நிதானமா கத்துக்கிட்டவங்கதான்.

ஏன் சொல்றேன்னா, ரேஞ்ச் வாசல்ல இருக்குற போர்டுல முதல்ல கண்ணுல படுறது ஏகே-47, எம்16, மெஷின் கன், டெசர்ட் ஈகிள் இதெல்லாம்தான், பேர் தெரிஞ்சதால கை அங்கதான் போகும். ஏகே-47 ஆட்டோமேட்டிக்ல நிமிஷத்துக்கு சுமார் 600 ரவுண்டு (தோட்டா), அதாவது செகண்டுக்கு பத்து, அப்போ 30 ரவுண்டு மேகசின் (தோட்டா அடுக்குற பெட்டி) மூணே செகண்டுல காலி. அந்த மூணு செகண்டுல நீங்க எதையும் குறி வைக்கப் போறதில்ல, எதையும் கத்துக்கப் போறதும் இல்ல, சத்தம் முடிஞ்சதும் அடுத்த துப்பாக்கிக்குத் தள்ளி விட்டுடுவாங்க. டெசர்ட் ஈகிள்ங்கிற பெரிய பிஸ்டல், தோட்டா போடாமலே ரெண்டு கிலோ கிட்ட இருக்கும், முதல் தடவை பிடிக்குறவங்களுக்குக் கை நீட்டுன அரை நிமிஷத்துல நடுங்க ஆரம்பிச்சிடும்.

பாயிண்ட் டூ டூ குண்டு ரெண்டரை கிராம் சொச்சம்தான், நைன் எம்எம் குண்டு ஏழரை கிராம், ரெண்டும் கிட்டத்தட்ட ஒலியோட வேகத்துல, அதாவது செகண்டுக்கு 330-லேர்ந்து 360 மீட்டர்ல போகும். சக்தின்னு பாத்தா நைன் எம்எம் மூணு மடங்கு இருக்கும். அதனால பாயிண்ட் டூ டூல ஆரம்பிச்சா கைக்கு உதை (சுடும்போது துப்பாக்கி பின்னாடி தள்ளுறது) தெரியவே தெரியாது, மனசு முழுக்க குறியிலயும் ட்ரிகர்லயும் இருக்கும், அதுக்கப்புறம் நைன் எம்எம் எடுக்கும்போது உதைய மட்டும் புதுசா சமாளிச்சா போதும்.

இப்போ சத்தம். இத யாரும் முன்னாடியே சரியா சொல்றதில்ல. துப்பாக்கி சத்தம் 140-லேர்ந்து 170 டெசிபல் வரைக்கும் போகும், 140-ங்கிறதே காதுக்கு ஒரே தடவைல நிரந்தரமா சேதம் பண்ணக்கூடிய அளவு. அதுலயும் இன்டோர் ரேஞ்ச்ல சுவர்ல பட்டு திரும்பி வர்றதால காதுல கேக்குறத விட நெஞ்சுல வந்து முட்டுறதுதான் அதிகமா தெரியும், பக்கத்து லேன்ல (ஒருத்தர் நின்னு சுடுற தடுப்பு) யாராவது ரைஃபிள் சுட்டா உங்க உடம்பே ஒரு தடவை அதிரும். காதுக்குள்ள வைக்குற நுரை பிளக் ஒண்ணு, அதுக்கு மேல இயர் மஃப் ஒண்ணு, ரெண்டும் கேட்டு வாங்கிப் போடுங்க. மஃப் மட்டும் போதும்னு சொன்னாலும் விடாதீங்க, பிளக்கையும் சேத்து போட்டா கூடுதலா அஞ்சு டெசிபல் மாதிரிதான் குறையும், ஆனா அந்த அஞ்சே முதல் தடவை போறவங்களுக்குப் பெரிய நிம்மதி. பிளக்க நல்லா மெல்லிசா உருட்டி, இன்னொரு கையால காத மேல இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உள்ள விட்டு, அது விரிஞ்சு அடைக்குற வரைக்கும் விரலால அழுத்திப் பிடிக்கணும், சும்மா காது ஓரத்துல சொருகுனா பிரயோஜனம் இல்ல. கண்ணாடி போடுறவங்க மஃபோட குஷனுக்கும் கண்ணாடி காம்புக்கும் நடுவுல இடைவெளி விழுதான்னு பாருங்க. ரேஞ்ச்ல குடுக்குற பாதுகாப்புக் கண்ணாடி உங்க பவர் கண்ணாடிக்கு மேலயே போட்டுக்கலாம்.

உள்ள போறதுக்கு முன்னாடி நாலு விதி சொல்லுவாங்க. ஜெஃப் கூப்பர்னு ஒரு அமெரிக்க மரைன் அதிகாரி வகுத்தது, உலகம் பூரா ரேஞ்ச்ல அதத்தான் கொஞ்சம் மாத்தி மாத்தி சொல்றாங்க: எல்லா துப்பாக்கியும் லோடு ஆகியிருக்குன்னே நெனைங்க, சுட விரும்பாத எது பக்கமும் பேரல, அதாவது துப்பாக்கிக் குழாய, திருப்பாதீங்க, குறி டார்கெட்டுக்கு வர்ற வரைக்கும் விரல் ட்ரிகர்ல போகக்கூடாது, டார்கெட் என்ன அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். நல்ல இன்ஸ்ட்ரக்டர் இத வாயால சொல்லிட்டு விட மாட்டார், காலி துப்பாக்கியக் கைல குடுத்து எடுக்க வச்சு, கீழ வைக்க வச்சு, விரல் எங்க போகுதுன்னு பாப்பார். துப்பாக்கியக் கைல வாங்குன உடனே ஆள்காட்டி விரல் தன்னால ட்ரிகர்ல போய் உக்காரும், பத்துல ஒன்பது பேருக்கு அப்படித்தான், அத பேரலுக்கு இணையா ஃப்ரேம் (துப்பாக்கியோட உடம்பு) மேல நீட்டி வைக்கப் பழக்குறதுக்கே கொஞ்ச நேரம் ஆகும். இந்தப் பழக்கம் வராம தோட்டா லோடு பண்ணிக் குடுக்குற இடமா இருந்தா, காசு போனா போகட்டும்னு வெளிய வந்துடுங்க, நான் மனசார சொல்றேன்.

பிடி விஷயத்துல ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பிஸ்டல்ல மேல் பாகம், ஸ்லைடுன்னு சொல்லுவாங்க, ஒவ்வொரு தடவை சுடும்போதும் வேகமா பின்னாடி வந்துட்டுப் போகும். இடது கை கட்டைவிரல் அதுக்குப் பின்னாடி குறுக்க இருந்தா தோல் கிழிஞ்சிடும். ரெண்டு கட்டைவிரலும் ஒரே பக்கமா, முன்னாடி பாத்து இருக்கணும். ரிவால்வர்ல வேற மாதிரி, அங்க சிலிண்டருக்கும் (தோட்டா வைக்குற சுத்துற உருளை) பேரலுக்கும் நடுவுல இருக்குற சந்து வழியா சூடான வாயு பீச்சிக்கிட்டு வரும், அதனால எந்த விரலும் அந்தப் பக்கமே போகக்கூடாது.

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. டார்கெட் பெரும்பாலும் அஞ்சு, ஏழு மீட்டர்லதான் தொங்கும், இவ்ளோ கிட்டவான்னு தோணும். ஆனா பிஸ்டல்ல குறி பாக்க மேல ரெண்டு சைட் இருக்கும், முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல இருக்குறது பதினாறு, பதினேழு சென்டிமீட்டர்தான், முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்குனா ஏழு மீட்டர்ல குண்டு நாலு சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். கண்ண டார்கெட்ல வைக்காம முன் சைட் மேல வைக்கணும், டார்கெட் மங்கலாத் தெரிஞ்சா நீங்க சரியா பண்றீங்கன்னு அர்த்தம். இது மனசு ஒத்துக்காத விஷயம், சுடப் போறது அத, பாக்கச் சொல்றது இத, ஆனா ஒத்துக்கிட்டதும் ஓட்டைங்க எல்லாம் ஒரு இடத்துல சேர ஆரம்பிக்கும் பாருங்க, அந்த சந்தோஷம் தனி.

அத விடப் பெரிய எதிரி உங்க உடம்பேதான். வெடிக்கப் போகுதுன்னு மூளைக்குத் தெரியும், அதனால வெடிக்குறதுக்கு ஒரு நொடி முன்னாடியே கை தன்னால கீழ அமுக்கிடும், கண் மூடிக்கும். வலது கைக்காரங்க டார்கெட்ல குண்டெல்லாம் கீழ இடது பக்கமா விழுந்திருந்தா பெரும்பாலும் இதான் காரணம். இத வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, நான் ஆடவே இல்லயேன்னுதான் சொல்லுவாங்க. நான் பாத்த ஒரு இன்ஸ்ட்ரக்டர் என்ன பண்ணார்னா, மேகசின்ல நிஜத் தோட்டாங்களுக்கு நடுவுல வெடிக்காத டம்மித் தோட்டா ஒண்ணச் செருகிக் குடுத்துட்டு ஒண்ணும் சொல்லாம நின்னார். எங்க கூட வந்த பொண்ணு ரெண்டு ரவுண்டு சுட்டுச்சு, மூணாவது வெறும் க்ளிக், சத்தமே இல்ல, ஆனா பேரல் மட்டும் டபக்குன்னு கீழ இறங்கிடுச்சு. உதையே இல்லாத இடத்துல கை எதுக்கு இறங்குச்சுன்னு அந்தப் பொண்ணுக்கே புரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவர் சொன்னது ஒண்ணுதான், ட்ரிகர இழுக்காதம்மா, அழுத்திக்கிட்டே இரு, எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக்கூடாது. அடுத்த மேகசின்ல அஞ்சு ஓட்டையும் உள்ளங்கை அகலத்துக்குள்ள. மூச்ச அடக்கிட்டு ரொம்ப நேரம் நிக்க வேண்டாம், பாதி மூச்சு விட்டு அந்த அமைதில அழுத்துனா போதும், நேரமாகி கை ஆடுனா துப்பாக்கிய இறக்கிட்டுத் திரும்ப ஆரம்பிங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

உங்களுக்கு எந்தக் கண்ணு முதன்மைக் கண்ணுன்னு போறதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க. ரெண்டு கையையும் நீட்டி உள்ளங்கைகளச் சேத்து நடுவுல சின்னதா ஒரு ஓட்டை விட்டு, தூரத்துல இருக்குற ஒரு பொருள அதுக்குள்ள பாருங்க, ஒவ்வொரு கண்ணா மூடுங்க, எந்தக் கண்ணு தொறந்திருக்கும்போது பொருள் நகராம இருக்கோ அதான். வலது கைக்காரரா இருந்து இடது கண்ணு முதன்மையா இருந்தா முதல்லயே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லிடுங்க.

சூடான தோட்டாக் கூடு வெளிய தெறிக்கும், சில சமயம் கழுத்து வழியா சட்டைக்குள்ள விழும். கழுத்து ஒட்டுன டீஷர்ட், மூடுன ஷூ, முடிஞ்சா முன்னாடி விளிம்பு இருக்குற தொப்பி. அப்படியே விழுந்தாலும் துள்ளாதீங்க, சூடு பட்டா படட்டும், முதல்ல துப்பாக்கிய டார்கெட் பக்கமே வச்சுக் கீழ வச்சுட்டு அப்புறம் சட்டைய உதறுங்க. ட்ரிகர் அழுத்தியும் வெடிக்கலன்னா பேரலத் திருப்பிப் பாக்கவே கூடாது, அப்படியே டார்கெட்டப் பாத்துப் பிடிச்சுக்கிட்டு இன்ஸ்ட்ரக்டரக் கூப்பிடுங்க, தாமதமா வெடிக்க வாய்ப்பு இருக்கு, அரை நிமிஷம் காத்திருக்கறதுதான் வழக்கம். வழக்கத்த விட மெலிசா புஸ்ஸுன்னு சத்தம் வந்தா உடனே நிறுத்துங்க, குண்டு பேரல்லயே மாட்டியிருக்கலாம், அடுத்தது சுட்டா பேரலே வெடிச்சிடலாம்.

ஆட்டோமேட்டிக் வேண்டாம்னு சொன்னதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்கால அரிசோனால டூரிஸ்ட்டுங்க வர்ற ரேஞ்ச் ஒண்ணுல ஒன்பது வயசுப் பொண்ணு கைல உசி சப்மெஷின் கன் (கைக்கு அடக்கமான மெஷின் கன்) குடுத்தாங்க, முதல்ல ஒத்த ரவுண்டு சுட வச்சுட்டு அப்புறம் ஆட்டோமேட்டிக்குக்கு மாத்துனாங்க, உதைல துப்பாக்கி மேல எழும்பித் திரும்பி பக்கத்துல நின்ன இன்ஸ்ட்ரக்டர் தலைல குண்டு பாஞ்சு அவர் இறந்தே போயிட்டார். அனுபவம் இருந்த ஆள். முதல் ரவுண்டுல தூக்குன பேரல் கீழ வர்றதுக்குள்ள ரெண்டாவது மூணாவது வந்துடுதே, அந்த உதைக்குப் பழகாத யார் கைலயும் அது நடக்கும். புள்ளைங்களோட போறவங்க ஆசைப்படுறாங்களேன்னு இதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க. பெரியவங்க கண்டிப்பா ஆசைப்பட்டா மேகசின்ல ரெண்டே ரவுண்டு போட்டுத் தரச் சொல்லுங்க, பெரிய ரிவால்வர்னா ஒண்ணே ஒண்ணு, நல்ல இடத்துல அவங்களே அப்படித்தான் செய்வாங்க. சில ரேஞ்ச்ல துப்பாக்கிய மேடையோட கம்பி போட்டுக் கட்டி வச்சிருப்பாங்க, பாத்துட்டு சிலர் முகம் சுளிப்பாங்க, எனக்கு அது நல்ல அறிகுறியாத்தான் படும்.

ஃபோட்டோ ஆசை எல்லாருக்கும் இருக்கும், தப்பே இல்ல. ஆனா கேமராவப் பாத்துத் திரும்பும்போது கையும் கூடவே திரும்பும், டூரிஸ்ட்டுங்க வர்ற ரேஞ்ச்ல இன்ஸ்ட்ரக்டர்ங்க ரொம்ப பயப்படுறது இந்தத் திருப்பத்துக்குத்தான். சுட்டு முடிச்சு மேகசின் எடுத்து, சேம்பர் (உள்ள தோட்டா உக்காருற அறை) காலின்னு அவர் காட்டுனதுக்கு அப்புறம் அவரையே எடுக்கச் சொல்லுங்க.

குடிச்சிருந்தா முந்துன நாள் மிச்சம் இருந்தாக்கூட போகாதீங்க. கர்ப்பமா இருக்குறவங்க, பால் குடுக்குற அம்மாக்கள் போகவே வேண்டாம், குண்டுல மட்டும் இல்ல, தோட்டாவப் பத்த வைக்குற பிரைமர்லயும் ஈயம் இருக்கும், அது தூசியா காத்துல கலக்கும். அப்புறம் ஒண்ணு, தனியா வர்ற புது ஆளுக்குத் துப்பாக்கி வாடகைக்குத் தர மாட்டோம்னு நிறைய ரேஞ்ச்ல சொல்லுவாங்க, அவமானமா எடுத்துக்காதீங்க, தற்கொலை நடந்துடக் கூடாதுன்னு வச்ச விதி அது. மனசு ரொம்ப உடைஞ்சு போயிருக்குற சமயம்னா யாரா இருந்தாலும் இந்தப் பக்கம் வராதீங்க, உங்க மேல அக்கறையோட சொல்றேன், அந்த நேரத்துக்கு நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட பேசுறதுதான் வேணும்.

முடிஞ்சதும் கை, முகம் ரெண்டும் சோப்புப் போட்டு குளிர்ந்த தண்ணில கழுவிட்டுத்தான் எதையும் சாப்பிடணும், அந்த ட்ரெஸ்ஸ தனியா தொவைங்க. நினைவுக்கு டார்கெட் பேப்பர் எடுத்துட்டு வாங்க, காலித் தோட்டாக் கூடு மட்டும் வேண்டாம், ஏர்போர்ட்டுல தேவையில்லாத விசாரணைல கொண்டு போய் விடும். பேன்ட் பாக்கெட், ஷூ மடிப்பு எல்லாம் ஒரு தடவை தட்டிப் பாத்துக்குங்க, தெறிச்சது தெரியாமலே உள்ள இருக்கும்.

மனைவி விஷயம். கூட்டிட்டுப் போங்க, ஆனா சுடணும்னு சொல்லாதீங்க. முதல்ல கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு சத்தத்துக்குப் பழகட்டும். லேன்குள்ள வந்தாங்கன்னா பாயிண்ட் டூ டூ ரைஃபிள் கேளுங்க, பிஸ்டல் வேண்டாம், உக்காந்து மேஜை மேல தாங்கு வச்சு சுடுறதால பேரல் சுலபமா வேற பக்கம் திரும்பாது, மேகசின்ல ஒரே ஒரு ரவுண்டு. அத சுட்டதும் துப்பாக்கிய வச்சுட்டு வெளிய வந்துடணும்னு தோணுச்சுன்னா வரட்டும், "இன்னும் ஒண்ணு சுடும்மா"ன்னு நீங்க மட்டும் பின்னாடி நின்னு சொல்லாதீங்க. அடுத்த ரவுண்டு வேணுமான்னு இன்ஸ்ட்ரக்டர் அவங்ககிட்டயே கேப்பார்.