பப் முடிவு சாதாரணம், பிறகு புற்றுநோய்: எங்கே தவறியது என்று எப்படிப் பார்ப்பது?

யாழ்ப்பாணத்தில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வேலை செய்யும் தாதிய சகோதரி கேட்கிறார்: "35 வயதில் எங்கள் சுகவனிதையர் கிளினிக்கில் பப் பரிசோதனை செய்தவருக்கு முடிவு சாதாரணம் என்றே வந்தது. நாலு வருடத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். எதிலிருந்து ஆராயத் தொடங்குவது?"

இன்றைக்கே ஆய்வுகூடத்துக்கு எழுதி, அந்தப் பழைய சிலைட்டையும் (பப்பில் கருப்பைக் கழுத்திலிருந்து எடுத்த கலங்களைத் தடவிய கண்ணாடி) அதோடு போன படிவத்தையும் அகற்றாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு செய்யலாம். சிலைட் போனால் பாதிக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

அடுத்து, பப் பதிவும் புற்றுநோய்ப் பதிவும் ஒரே பெண்ணுடையவைதானா என்று உறுதிப்படுத்துங்கள். எங்கள் பக்கம் இது லேசான வேலை இல்லை. கிளினிக் புத்தகத்தில் தகப்பனின் முதலெழுத்து, தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவில் கணவர் பெயர், மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போயிருந்தால் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்துக்கூட்டல். இடம்பெயர்ந்தவர்களுக்கு விலாசமும் மாறியிருக்கும். அடையாள அட்டையை வைத்தே பொருத்துங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். பழையதன் முன்னால் 19 சேர்த்து, அதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை விட்டால் புதியது வரும்.

பிறகு திகதிகளை வரிசையாக எழுதுங்கள்: சிலைட் எடுத்தது, ஆய்வுகூடம் பெற்றது, அறிக்கை வந்தது, அது அவர் கைக்குப் போனது, முதல் அறிகுறி, பயொப்சி (சிறு தசைத் துண்டு எடுத்துச் சோதிப்பது). இடையில் இரத்தப்போக்கு என்று வந்தவரை "பப் சாதாரணம்தானே" என்று திருப்பி அனுப்பியிருந்தால், பிழை சிலைட்டில் மட்டும் இருக்காது. அறிகுறி உள்ளவருக்குப் பழைய பப் முடிவு பதிலாகாது. கருப்பைக் கழுத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். பயொப்சியில் எந்த வகை என்றும் பாருங்கள். சுரப்பிக் கலங்களில் தொடங்கும் அடினோகார்சினோமா கருப்பைக் கழுத்துக் கால்வாயின் உள்ளே மேலே இருக்கக்கூடியது. நன்றாக எடுத்த பப்பும் அதை அடிக்கடி தவறவிடும்.

சிலைட்டை மீள வாசிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புற்றுநோய் வந்தவருடையது என்று தெரிந்து பார்த்தால் எவர் கண்ணுக்கும் ஏதாவது படும். ஆகவே இலக்கத்தை மறைத்து, அதே காலத்துச் சாதாரண, அசாதாரண சிலைட்டுகளோடு கலந்து, முதலில் வாசிக்காத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் சொல்லவேண்டியது சிலைட் போதுமானதா என்பதை. வழமையான பப்பில் நல்ல நிலையில் குறைந்தது 8,000 முதல் 12,000 செதிட்கலங்கள் (கழுத்தின் வெளிப்புறத்தை மூடும் தட்டையான கலங்கள்) வேண்டும். மாற்று வலயத்தை, அதாவது இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும் இடத்தை, தொட்டதற்கு அடையாளம், கால்வாய்க் கலங்களோ உருமாறும் கலங்களோ குறைந்தது பத்து. கலங்களைச் சுரண்டும் கரண்டியை முழுச்சுற்றுச் சுற்றாவிட்டால் அவை வராது. தடவியவுடன் 95% அற்ககோலில் இடாமல் வைத்தால் கலங்கள் காய்ந்து, அவற்றின் உட்கரு ஊதி மங்கி, வாசிப்பவரை ஏமாற்றும். மின்விசிறிக்குக் கீழே தட்டு இருந்ததா, போத்தலில் அற்ககோல் ஆவியாகிப் போயிருந்ததா என்று கேளுங்கள். காய்ந்ததுதான் காரணம் என்றால், அதே கிளினிக் நாளில் எடுத்த மற்றப் பெண்களையும் திரும்பக் கூப்பிடவேண்டும்.

இது ஒருவரைக் குற்றவாளியாக்கும் விசாரணையாக மாறக்கூடாது. மாறினால் அடுத்த முறை எந்தக் குடும்பநல உத்தியோகத்தரும் உள்ளதைச் சொல்லமாட்டார். உங்கள் பிரிவில் புற்றுநோய் வந்த எல்லாரையும் சேர்த்தே பாருங்கள்: பப் எடுக்கவே வராதவர், அசாதாரண முடிவுக்குப் பிறகு கொல்போஸ்கொபிக்கு (கருப்பைக் கழுத்தை உருப்பெருக்கிப் பார்ப்பது) போகாதவர், பப்பினாலேயே ஆரம்பத்தில் பிடிபட்டவர். கடைசியாகச் சொன்னவர் பப் பரிசோதனைத் திட்டத்தின் வெற்றி. அவரைத் தவறியவர்களோடு கூட்டினால் கணக்கே பிழைக்கும்.

சிலைட்டை மீள்வாசிப்புக்கு அனுப்பமுன்பே, அந்தப் பெண்ணிடம் முடிவை யார் சொல்வது என்று தீர்மானியுங்கள். அயர்லாந்தில் விக்கி ஃபீலன் என்ற பெண்ணின் 2011 பப் சிலைட் தவறாக வாசிக்கப்பட்டது என்று அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 2014இலேயே மீளாய்வில் தெரிந்தது. அவருக்குச் சொன்னது 2017இல். 2018இல் அவரது வழக்கு வெளிவந்தபோது, இப்படி 200க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தது தெரிந்து நாடே கொதித்தது. பிழை வாசிப்பை விட மறைத்ததுதான் அந்நாட்டுப் பப் பரிசோதனைத் திட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கையை உடைத்தது. "உங்கள் பழைய சிலைட்டைத் திரும்பப் பார்க்கிறோம், முடிவை அறிய விருப்பமா?" என்று இப்போதே கேட்டு, பதிலைக் கோப்பில் எழுதுங்கள். விரும்பினால், சிகிச்சை தரும் வைத்தியர் நேரில், குடும்பத்தில் அவர் விரும்பும் ஒருவரையும் வைத்துக்கொண்டு சொல்லட்டும், கடிதத்தில் வேண்டாம்.